உங்களுக்குத் தெரியுமா? அரசன் இல்லாத மலையில் சபை ஆட்சி

புத்தர் காலத்தில் வைசாலியை ஆண்டது ஒற்றை மன்னன் அல்ல, லிச்சவி குலத்தாரின் சபை. லிச்சவியரை உள்ளடக்கிய வஜ்ஜியர் கூட்டமைப்பினர் அடிக்கடி கூடி, ஒற்றுமையாக முடிவெடுக்கும்வரை வீழமாட்டார்கள் என்று புத்தர் சொன்னதாக மகாபரிநிப்பான சுத்தம் என்ற பௌத்த நூல் கூறுகிறது.

சபை ஆட்சியைக் காண வைசாலிவரை போக வேண்டியதில்லை. நீலகிரியின் தோடர்களுக்கு அரசன் என்று ஒருவர் இருந்ததில்லை. மண உறவுச் சிக்கல், எருமைத் தகராறு, குலங்களுக்கு இடையிலான வழக்கு எல்லாவற்றையும் ‘நொய்ம்’ என்ற பெரியோர் சபையே பேசித் தீர்த்தது. ஈடாக விதிக்கப்பட்டது பெரும்பாலும் எருமை. 1901-02இல் இங்கே தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட நூலில் வியப்பான ஒன்றைப் பதிவு செய்தார்: தோடர் சபையில் படகர் ஒருவருக்கும் இடம் இருந்தது! பக்கத்துச் சமூகத்தாரைத் தம் வழக்கில் உட்கார வைத்த அந்தப் பெருந்தன்மை இன்றும் அரிது.

படகர்களிடம் சபை பல படிநிலைகளில் அமைந்திருந்தது. ஹட்டி எனப்படும் ஊரில், அதன் தலைவரான கவுடர் முன்னிலையில் ‘கூட்டு’ என்ற சபை கூடும். அங்கே தீராதது பல ஊர்கள் சேர்ந்த சீமையின் சபைக்குப் போகும். தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தை என நான்கு சீமைகள். அவற்றுக்கும் மேலே, தூனேரியைத் தலைமையிடமாகக் கொண்ட நாக்குபெட்டா சபை.

ஆனால் கவுடர் பதவி பரம்பரை வழியே வந்தது. இரு சமூகத்தின் சபைகளிலும் முடிவெடுத்தவர்கள் ஆண்களே. வைசாலியிலும் சபை உரிமை ஆளும் குலத்து ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. சபை ஆட்சியின் பெருமையைப் பேசும்போது இந்தக் குறைகளையும் சேர்த்தே பேச வேண்டும்.