குத்துச்சண்டைப் பயிற்சி: திருந்த வேண்டியவர் யார்?

வன்முறைக்கு இழுக்கப்படும் நகர்ப்புற இளைஞர்களைக் குத்துச்சண்டைப் பயிற்சியால் மீட்கலாம் என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் கருத்து. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கும் அத்தகைய பயிற்சிக்கூடங்கள் வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. எனினும், எதற்காகக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

குத்துவதால் மட்டும் கோபம் வடிந்துவிடாது. நார்வே ஆய்வாளர்கள் எண்ட்ரெசனும் ஓல்வியஸும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல் போன்றவற்றில் ஈடுபட்ட சிறுவர்களிடம் வன்முறை கூடியதாகவே தெரியவந்தது. பயிற்சிக்கூடங்களில் நிலவிய ஆண்மைப் பெருமிதத்தையும் அவர்கள் காரணமாகச் சுட்டினர். மாறாக, ரியோ டி ஜெனீரோவின் மாரே குடிசைப் பகுதியில் லூக் டௌட்னி 2000இல் தொடங்கிய ‘அமைதிக்கான போராட்டம்’ என்ற அமைப்பு, பயிற்சியோடு கல்வி, வேலைக்கான வழிகாட்டல், தனிப்பட்ட ஆதரவு, இளைஞர் தலைமை ஆகியவற்றையும் இணைத்தது. இளைஞரை உள்ளே அழைத்துவருவது கையுறை, தங்கவைப்பவை மற்றவை. வடசென்னைப் பரம்பரைகளில் வாத்தியாருக்கு இருந்த இடத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

நம் மாவட்டங்களின் சிக்கல் வேறு. 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளன்று, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அடிபட்ட தெருவின் பிள்ளைகளை மட்டும் அழைத்துப் பொறுமை கற்பிப்பதற்கு வன்முறைத் தடுப்பு என்று பெயர் சூட்ட முடியாது. ‘வழிதவறும் இளைஞர்’ என்ற சொல்லே யாரைக் குறிவைக்கிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

ஆகவே பயிற்சிக்கூடம் எவருடைய தெருவிலும் அல்லாமல், எல்லோரும் அச்சமின்றி வரக்கூடிய அரசுப் பள்ளி வளாகத்தில் அமைய வேண்டும். மாணவர்களின் சாதிக் கயிறுகளைத் தடை செய்ய நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அவை கோதாவுக்குள்ளும் நுழையலாகாது. குத்துச்சண்டையில் இணையைத் தீர்மானிப்பது உடல் எடை. நாள்தோறும் எதிரே நிற்பவரைக் காயப்படுத்தாமல் குத்தவும், அவர் குத்தைத் தாங்கவும் பழக வேண்டும். ஊருக்குள் ஒருவரையொருவர் தொட்டே பழகாத இரு தெருப் பிள்ளைகளுக்கு இது எளிய செயலன்று. பயிற்சியாளர் ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாம் கெடும். அவரது தேர்வே முதற்கேள்வி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளோ தனி இளைஞரை விடுத்து, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளைக் கண்டறியுமாறு அரசைப் பணிக்கின்றன. அவ்விதிகளின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு 3 மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். பயிற்சிக்கூடக் கோரிக்கையை அங்கே வைப்போம். பகுதிப் பட்டியலையும் அங்கேயே கேட்போம்.