உப்புக்கு ஒரு வேலி

இலையின் ஓரத்தில் வைக்கும் உப்பைப் பற்றி நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். ஆனால் அவ்வுப்பு தீர்வையின்றி எல்லை தாண்டிவிடாதபடி, இத்தேசத்தின் குறுக்கே ஆங்கிலேயர் ஒரு முள்வேலி வளர்த்திருந்தார்கள் என்ற செய்தி, கற்றவர்களுக்கும் அண்மையிலேதான் தெரிய வந்திருக்கிறது.

இது கட்டுக்கதையன்று. 1869-ம் வருஷத்தில் அந்தச் சுங்க எல்லை சிந்து நதியோரம் தொடங்கி மகாநதி வரை சுமார் 2,300 மைல் நீண்டிருந்தது. ஏறக்குறைய 12,000 பேர் காவல் புரிந்தனர். எல்லையின் பல பகுதிகளில் கருவேல், இலந்தை, களா, கள்ளி ஆகியவற்றை நெருக்கி நட்டு, நன்கு தழைத்த இடங்களில் 10 அடிக்கு மேல் உயர்ந்த உயிர்வேலி அமைத்தார்கள். செடி பிடிக்காத நிலத்தில் காய்ந்த முள்ளைக் குவித்தார்கள்; அதுவும் இயலாத இடத்தில் கற்சுவரும் அகழியும். ராஜபுதனத்துச் சாம்பர் ஏரியில் மலிவாக விளைந்த உப்பு, வரி கொடாமல் பிரிட்டிஷ் மாகாணங்களுக்குள் நுழையலாகாது என்பதே இவ்வளவு ஏற்பாட்டின் நோக்கம். எதிர்த்திசையில் சென்ற சர்க்கரையையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டு ஜனங்கள் லக்ஷக்கணக்கில் மடிந்த காலத்தில், வடக்கே இவ்வேலி செழித்து நின்றது.

இதை வளர்த்த அதிகாரி யாரென்று அறிந்தபோது நாம் திடுக்கிட்டோம். 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்கக் கமிஷனராயிருந்து, காய்ந்த முள்ளுக்குப் பதில் உயிர்வேலி நடச் செய்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், 1885-ல் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர் என்று நாம் பள்ளிப்பருவம் முதல் போற்றிவந்த அதே ஹியூம் துரைதான். 1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் அம்மகாசபையின் தொண்டர்கள் ஒரு பிடி உப்புக்காக அடிபட்டுச் சிறை புகுந்தார்கள். ஹியூமின் பிற்காலத் தொண்டை நாம் குறைத்துப் பேச வரவில்லை. அவர் கொடியவரல்லர், நல்லவர்; நல்லவரே சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்ததும் இவ்வேலையைச் செவ்வனே செய்தார் என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

வேலி 1879-ல் கைவிடப்பட்டது; இரக்கத்தினாலன்று. சாம்பர் ஏரியைச் சர்க்கார் 1870-ல் குத்தகைக்கு எடுத்துக்கொண்டபின், உப்பு விளையும் இடத்திலேயே வரி வாங்க வழி ஏற்பட்டது. முள்ளுக்குக் காவல் போடுவது வீண்செலவாயிற்று. வேலி போன பிறகும் வரி மட்டும் 1947 வரை போகவில்லை.

நமக்கு இது தெரிய வந்த விதம் வெட்கத்துக்குரியது. ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர், லண்டனில் வாங்கிய பழைய புத்தகமொன்றின் அடிக்குறிப்பில் இவ்வேலியைக் கண்டார். நம்பமாட்டாமல் சர்க்கார் தஸ்தாவேஜுகளைத் துருவினார். பின் பலமுறை இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராக விசாரித்து, 1998-ல் எட்டாவா ஜில்லாவில் அதன் மிச்சத்தைக் கண்டுபிடித்தார். (1857-ல் ஹியூம் கலெக்டராயிருந்ததும் எட்டாவாவிலேதான்!) 2001-ல் வெளிவந்த அவருடைய நூல் ‘உப்பு வேலி’ என்று தமிழிலும் வந்திருக்கிறது.

ரயில் போட்டதையும் தந்தி நாட்டியதையும் பக்கம் பக்கமாக எழுதிய சரித்திராசிரியர்களுக்கு இவ்வேலிக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. அவர்கள் எழுதியதை நெட்டுருச் செய்துதான் நாமும் பட்டம் பெற்றோம், நியாய சாஸ்திரமும் கற்றோம். ஆகையால் பிறரை மட்டும் குறை கூற நமக்கு யோக்கியதை இல்லை. இப்போது செய்யக்கூடியது ஒன்றுண்டு. பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் அன்பர்கள், தண்டி யாத்திரையைச் சொல்லும் பாடத்துக்கு முந்திய பக்கத்தில், இவ்வேலி சென்ற வழியைக் காட்டும் தேசப்படம் ஒன்றைச் சேர்க்கட்டும்.