தூண்டிலும் வலையும்: மாத்தளை நீர்த்தேக்கங்களை முன்வைத்து ஒரு குறிப்பு

மீன்பிடிக் கருவிகளை வடிவத்தைக் கொண்டு மட்டும் வகைப்படுத்துவது போதாது. ஒரு கருவி எந்நீரில், எம்மீனுக்காக, யாருடைய உழைப்பில், என்ன நோக்கத்துடன் இயங்குகிறது என்பதை விலக்கிவிட்டு அதன் தன்மையை விளக்குதல் இயலாது. ‘ஜிக்’ எனப்படும் தூண்டில் வகை இதற்குத் தக்க சான்றாகும்.

சாதாரணத் தூண்டிலில் இரை நீரிற் காத்திருக்கும். மீன் அதனைத் தேடி வரும். ஜிக்கிற்கு உண்மையான இரை அவசியமன்று. அது தன் பாரத்தால் தாழும். நூலைச் சுண்டுகையில் மேலெழும். இவ்வேற்ற இறக்க அசைவே இரையெனத் தோன்றி மீனை ஈர்க்கிறது. இவ்வகைத் தூண்டில்களுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. ஈயத்தலைத் தூண்டிலில் கொக்கியின் கழுத்தில் ஈயம் வார்க்கப்பட்டு, இறகோ மயிரோ இரப்பரோ கட்டப்பட்டிருக்கும். ஆழங்குறைந்த நீருக்கும் அது ஏற்றது. உலோகத் தூண்டில் சிறுமீன் வடிவிலான பாரமான துண்டு. ஆழ்கடலில் விரைந்து தாழ்வதற்கென அமைந்தது. கணவாய்த் தூண்டிலிலோ வளைந்த கொக்கிக்குப் பதிலாகப் பின்முள் இல்லாத ஊசிகள் வட்டமாக நிற்கும். கணவாய் இரையைக் கைகளாற் பற்றும் உயிரினமாதலின் அவ்வூசிகளிற் சிக்குகிறது.

மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுண்டு: பிடிபடுவது வேட்டையாடும் உயிரினமாக இருத்தல் வேண்டும். கடலில்லாத மாத்தளை மாவட்டத்தில் இந்நிபந்தனை முக்கியத்துவம் பெறுகிறது. தேவஹூவக் குளம், போவத்தென்ன நீர்த்தேக்கம், 2018 இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கம் ஆகியன இங்குள்ள நன்னீர்ப் பரப்புகளுட் சில. நன்னீர் மீன்களுள் விரால் வேட்டையாடும் இனம். அசையும் இரையைப் பாய்ந்து கௌவும். ஆனால் 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, நாட்டின் நீர்த்தேக்க மீன்பிடிக்கு ஆதாரமாகிய திலாப்பியா பெரும்பாலும் பாசியையும் நீரடி மக்கலையும் உண்பது. அதன்முன் துள்ளும் ஈயத்துண்டினாற் பயன் சிறிதே.

எனவேதான் செவுள் வலை முதன்மைக் கருவியாயிற்று. அது மீனின் பசியை நம்பியிருப்பதில்லை. அதன் நடமாட்டத்தையே நம்பியிருக்கிறது. கண்ணியில் தலை நுழைந்த மீன் செவுள்மூடியிற் சிக்கிக்கொள்ளும். எந்த அளவு மீன் அகப்படும் என்பதைக் கண்ணியின் அளவே தீர்மானிக்கிறது. கண்ணி சிறுத்தால் இளமீன்கள் அழியும். நாளைய பிடிப்பும் குன்றும்.

இவ்விரு கருவிகளும் இருவேறு சமூக உறவுகளைச் சுட்டுகின்றன. நன்னீரில் ஜிக் பெரும்பாலும் ஓய்வுநேர விளையாட்டின் பண்டம். ஒருவன் ஒரு மீனை நாடி நிற்பது. வலையோ சந்தைக்கான உற்பத்திக் கருவி. தோணி, வலை, வியாபாரியின் முற்பணம், பொது நீரின் மீதான உரிமை ஆகிய யாவும் அதனோடு பிணைந்துள்ளன. உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவு 1990 இல் விலக்கப்பட்டு 1994 இலேயே மீண்டது. கருவி மீனவன் கையில் இருந்தபோதிலும், குளத்தில் மீன் பெருகுவதற்கான நிலைமைகள் அவன் கையில் இல்லை என்பதை அவ்விடைக்காலம் உணர்த்திற்று. வலையை அளக்கும் ஆய்வு அவ்வுறவுகளையும் அளத்தல் வேண்டும்.