ஐயாயிரம் ரூபாயில் ஒரு தேர்தல்!

"என்ன தம்பி, ஊரிலே பேச வேறு விஷயமே இல்லையா? டில்லியிலே படிக்கிற பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு தலைவனைத் தேர்ந்தெடுத்துக் கொண்டார்களாம்! நாலு நாளாக அதையே படித்துக் கொண்டிருக்கிறாயே, அதனால் நமக்குக் கூலி உயருமா? போனஸ் கூடுமா?"

2024 மார்ச் மாதத்தில் தேநீர்க் கடையொன்றில் நம்மைப் பார்த்து இப்படிக் கேட்டார் ஒரு தோழர். ஆலையொன்றிலே இருபதாண்டுக் காலம் உழைத்து உழைத்து உரம் ஏறிய கரம் அவருடையது. கேலிக்காகக் கேட்டாரில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். அன்று அரைக் கோப்பைத் தேநீர் தீருமுன் அவருக்கு முழுப் பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. இன்று சொல்கிறோம். அவருக்கு மட்டுமல்ல, அவரைப்போல் எண்ணுகிற தோழர்கள் அனைவருக்கும்.

தலைநகர் டில்லியிலே, ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. 1969ஆம் ஆண்டு துவக்கப்பட்டது. அங்கே மாணவர் தங்கும் விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். கங்கை, ஜீலம், சபர்மதி, கோதாவரி, காவேரி, பெரியார்! பெரியார் என்றதும் நம் தோழர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஈரோட்டுப் பெரியாரல்ல, மலையாள நாட்டு ஆறுதான். ஆனாலும் அந்த விடுதிகளின் முற்றத்திலே ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளைக் காதிலே வாங்கினால், ஈரோட்டுக் கிழவர் புன்முறுவல் பூத்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அங்கே தேர்தலை நடத்துவது யார்? துணைவேந்தரா? இல்லை. போலீசாரா? இல்லை. மாணவர்களே! மாணவர்களே தேர்தல் கமிஷன் அமைக்கிறார்கள். மாணவர்களே மனு வாங்குகிறார்கள், மாணவர்களே பெட்டிக்குக் காவல் நிற்கிறார்கள், மாணவர்களே இரவு பகலாகச் சீட்டு எண்ணுகிறார்கள். பொத்தானை அழுத்தும் இயந்திரம் அல்ல, கையிலே தொட்டுப் பார்க்கும் வாக்குச் சீட்டு. எண்ணும் இடத்துக்கு வெளியே கூட்டம் பறையடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு விடிய விடியக் காத்திருக்கும். இன்னாருக்கு இத்தனை என்று அவ்வப்போது அறிவிப்பு வரும். ஒரு பக்கம் ஆரவாரம், மறுபக்கம் பெருமூச்சு.

பணம்? அதைத்தான் நம் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது! அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான். முன்னாள் தலைமைத் தேர்தல் கமிஷனர் லிங்டோ தலைமையிலே ஒரு குழு சொன்ன யோசனைகளை 2006இல் உச்சநீதிமன்றம் ஏற்று, நாடெங்கும் உள்ள கல்லூரிகளுக்கு விதியாக்கியது. அந்த விதிதான் இது. ஆனால் அந்த விதி பிறப்பதற்கு முன்பே தூரிகையும் காகிதமும் கொண்டு தேர்தல் நடத்தி வந்தவர்கள் அந்த மாணவர்கள். சுவரிலே சித்திரம், விடுதிக் கதவின் அடியிலே நுழைக்கப்பட்ட துண்டறிக்கை, சாப்பாட்டுக் கூடத்திலே மேசை மேசையாகப் பேச்சு, இரவிலே தீவட்டி ஊர்வலம் — இவைதான் அங்கே படைக்கலன்கள். பிரியாணிப் பொட்டலமுமில்லை, கவரிலே நோட்டுமில்லை!

எல்லாவற்றுக்கும் சிகரம், தலைவர் பதவிக்கு நிற்போரின் சொற்போர். வாக்குப் பதிவுக்கு முன் ஒரு நாள் இரவு, வேட்பாளர்கள் அத்தனை பேரும் ஒரே மேடை ஏறவேண்டும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் புல்தரையில் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் பேச வேண்டும். பேசி முடித்ததும் எதிரணி வேட்பாளர் கேள்வி கேட்பார். அதற்குப் பிறகு கூடியிருப்போர் கேட்பார்கள். எழுதி வந்ததைப் படித்துவிட்டுக் காரேறிப் போய்விட முடியாது. பாலஸ்தீனம் முதல் பருப்புக் குழம்பு வரை கேள்வி வரும். உலக சமாதானம் பேசிய நாக்கு, விடுதிக் குழாயிலே தண்ணீர் ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். நம் சட்டமன்ற வேட்பாளர்களையும் பாராளுமன்ற வேட்பாளர்களையும் இப்படி ஒரே மேடையில் ஏற்றி, ஆலைத் தொழிலாளி கேள்வி கேட்க, அவர்கள் பதில் சொல்ல — எண்ணிப் பாருங்கள் தோழர்களே! எத்தனை பேருக்கு அன்றைய தினம் திடீர்க் காய்ச்சல் வரும்!

சரி, இவ்வளவு ஒழுங்காக நடக்கும் தேர்தலை ஆட்சியாளர் வாழ்த்தி வரவேற்றிருப்பார்கள் என்றுதானே எண்ணுவீர்கள்? அங்கேதான் வேடிக்கை! லிங்டோ குழு தன் அறிக்கையிலே, சிறிய வளாகங்களில் மாணவர்கள் நேரடியாக வாக்களிக்கும் முறைக்கு எடுத்துக்காட்டாகவே இந்தப் பல்கலைக் கழகத்தின் பெயரைக் குறிப்பிட்டது. ஆனால் அதே லிங்டோ விதிகளை அங்கே முழுமையாகக் கைக்கொள்ளவில்லை என்று காரணம் காட்டி, 2008இல் அங்கே தேர்தல் தடைசெய்யப்பட்டது. எடுத்துக்காட்டு என்று யாரைக் காட்டினார்களோ, அவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள்! 2012இல்தான் மீண்டும் பெட்டி திறந்தது.

இரண்டாம் முறை பூட்டியது 2019க்குப் பிறகு. அந்த ஆண்டு இறுதியில் விடுதி வாடகையை உயர்த்தினார்கள். ஒருவர் தங்கும் அறைக்கு மாதம் 20 ரூபாய் இருந்ததை 600 என்றார்கள். இருவர் தங்கும் அறைக்குத் தலைக்கு 10 ரூபாயை 300 என்றார்கள். அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று வேறு. 'இருபது ரூபாய்க்கு அறையா? இது அநியாயச் சலுகை அல்லவா?' என்று குளிர்சாதன அறையிலிருந்து கேட்டார்கள் சிலர். பீகாரிலே வயலில் குனிந்து நாற்று நடுபவனின் மகனும், ஒரிசாவிலே விறகு சுமப்பவளின் மகளும் தலைநகரில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய முடிகிறதென்றால், அந்த இருபது ரூபாயால்தான் முடிகிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மாணவர் சங்கம் எழுந்தது. வீதிக்கு வந்தது. நிர்வாகம் ஒரு பகுதிச் சலுகையை அறிவிக்க வேண்டி வந்தது. 2020 ஜனவரி 5ஆம் நாள் மாலை, முகமூடி அணிந்த கும்பல் தடிகளோடு விடுதிகளுக்குள் புகுந்து தாக்கியது. சங்கத் தலைவியின் மண்டை உடைந்தது.

அதன் பிறகு கொள்ளை நோய் வந்தது. உலகமே கதவடைத்த காலத்தில் தேர்தல் இல்லை என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நோய் போயிற்று, வகுப்பு திறந்தது, பட்டமளிப்பு நடந்தது. வாக்குப் பெட்டி மட்டும் வெளிவரவில்லை! நான்கு ஆண்டுகள்! ஆண்டுதோறும் தேர்தல் நடத்து என்பதும் அதே லிங்டோ விதிதானே? மாணவன் விதி மீறினால் தடை. நிர்வாகம் விதி மீறினால் மௌனம். விதி என்பது ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தியா என்று கேட்கிறோம்.

கேட்டுக் கேட்டு, போராடிப் போராடி, 2024 மார்ச் 22ஆம் நாள் வாக்குப் பதிவு நடந்தது. நூற்றுக்கு 73 பேர் வாக்களித்தனர்! பூட்டி வைத்தால் மறந்து போவார்கள் என்று எண்ணியவர்களுக்கு அந்த 73 ஒரு பாடம்.

அந்தத் தேர்தலிலே கவனிக்க வேண்டிய காட்சிகள் இரண்டு.

முதல் காட்சி: பொதுச் செயலாளர் பதவிக்கு இடதுசாரிக் கூட்டணி நிறுத்திய பெண் வேட்பாளரின் மனு, வாக்குப் பதிவு நாளன்று விடியுமுன் தள்ளுபடி செய்யப்பட்டது. விடிந்தால் வாக்குப் பதிவு, வேட்பாளர் இல்லை! என்ன செய்தார்கள்? பிர்சா – அம்பேத்கர் – பூலே மாணவர் சங்கம் என்று ஒன்று உண்டு. 2014இல் தோன்றியது. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் கண்டது. இடதுசாரிகளைப் பார்த்து, 'புரட்சி பேசுகிறீர்களே, உங்கள் மேடையில் எங்கள் இடம் எங்கே?' என்று முகத்துக்கு நேரே கேட்டு வந்த சங்கம். தங்களைக் கடுமையாகச் சாடி வந்த அந்தச் சங்கத்தின் வேட்பாளரான பிரியான்ஷி ஆர்யாவுக்கே வாக்களியுங்கள் என்று, சில மணி நேரத்திலே அறைகூவல் விடுத்தார்கள் இடதுசாரி மாணவர்கள். அவர் 2,887 வாக்குகள் பெற்றார், ஏ.பி.வி.பி. வேட்பாளர் பெற்றது 1,961. நேற்றுவரை சொற்போர் புரிந்தவர்கள், பொது எதிரியைக் கண்டபோது சீட்டை மாற்றிப் போட்டார்கள். இந்தப் பக்குவம் நம் பெரிய கட்சிகளுக்கு எத்தனை முறை வந்திருக்கிறது?

இரண்டாம் காட்சி: தலைவராக வந்தவர் தனஞ்செய். பீகாரிலே கயாவைச் சேர்ந்தவர். தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்தவர். 2,598க்கு 1,676 என்று வென்றார். 1996இல் பட்டிலால் பைரவா தலைவரானதற்குப் பிறகு, அந்தச் சமுதாயத்திலிருந்து ஒருவர் அந்த நாற்காலிக்கு வர இத்தனை ஆண்டு ஆயிற்று! மகிழ்கிறோம். மகிழும்போதே கேட்கவும் செய்கிறோம்: சமத்துவம் பேசும் வளாகத்திலேயே இவ்வளவு தாமதம் என்றால், பேசாத இடங்களின் கதி என்ன?

இதே டில்லியில் இன்னொரு காட்சியும் உண்டு. டில்லிப் பல்கலைக் கழகம். அதே 2024, செப்டம்பர் மாதம். அங்கே மாணவர் தேர்தலென்றால் சுவரெல்லாம் சுவரொட்டி, சாலையெல்லாம் காகிதம், காரின் பின்னால் கார். ஊரை அலங்கோலமாக்கிய குப்பையை அகற்றிச் சுவரைத் துடைத்துத் தந்தாலொழிய வாக்குகளை எண்ணக் கூடாது என்று டில்லி உயர்நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் விழுந்த வாக்கு நவம்பர் 25இல்தான் எண்ணப்பட்டது. விதி அங்கேயும் அதே 5,000 ரூபாய்தான்! வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 35 பேர் அளவில். பணம் பேசுகிற இடத்திலே வாக்காளன் வாய்மூடி வீட்டுக்குப் போகிறான் என்பதே நாம் கொள்ளும் பொருள்.

'பிள்ளை விளையாட்டு' என்பாருக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1977இல், நெருக்கடி நிலைக்குப் பின் தேர்தலில் தோற்ற இந்திரா காந்தி அம்மையார், அந்தப் பல்கலைக் கழகத்தின் வேந்தராக நீடித்தார். மாணவர்கள் அவர் வீட்டுக்கே ஊர்வலமாகப் போனார்கள். சங்கத் தலைவர் சீதாராம் யெச்சூரி, அம்மையாரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டே, பதவி விலகுக என்ற அறிக்கையைப் படித்தார். அம்மையார் வேந்தர் பதவியை விட்டு விலகினார். 1983இல் போராடிய மாணவர்கள் நூற்றுக்கணக்கில் திகார் சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே பத்து நாள் கிடந்தவர்களில் ஒருவர் அபிஜித் பானர்ஜி. 2019இல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றார்! பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் முறை அந்த 1983இல் பறிக்கப்பட்டது. பத்தாண்டு போராடி அதை மீட்டார்கள். இரு முறை சங்கத் தலைவராயிருந்த சந்திரசேகர், சொந்த ஊரான சிவானுக்குத் திரும்பி ஏழைகளிடையே பணியாற்றினார். 1997 மார்ச் 31ஆம் நாள், தெருமுனைக் கூட்டத்திலே சுட்டுக் கொல்லப்பட்டார். விளையாட்டுக்கா குண்டு விழும்?

குறையே இல்லையா என்றால், உண்டு. 2025 ஏப்ரலில் நடந்த தேர்தலில், முன்பு ஒன்றாய் நின்ற இடதுசாரிகள் தனித்தனியே நின்றார்கள். பல்லாண்டுக்குப் பின் ஓர் இடம் ஏ.பி.வி.பி.யின் கைக்குப் போயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் மீண்டும் ஒன்றுபட்டார்கள். நான்கு இடங்களும் திரும்பின. பிரிந்தால் போகும், சேர்ந்தால் வரும். இதற்கு உரை எழுதத் தேவையில்லை.

இப்போது தேநீர்க் கடைத் தோழரிடம் திரும்புவோம். இவற்றில் பாதியை அன்று சொல்லி முடித்தபோது அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

"எங்கள் ஆலையிலே சங்கத் தேர்தல் நடந்து ஆறு வருஷம் ஆகிறது தம்பி. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறார்கள். கேட்டால் செலவாகுமாம்!"

தோழர்களே, இதுதான் நாம் தரும் பதில். கூலி உயருமா என்று கேட்டாரே, கூலியை உயர்த்தப் பேசுவதற்கு ஒரு வாய் வேண்டும். அந்த வாயைத் தேர்ந்தெடுக்க ஒரு சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைப் போட ஒரு பெட்டி வேண்டும். பெட்டியைப் பூட்டி வைப்பவன் துணைவேந்தராக இருந்தாலும், முதலாளியாக இருந்தாலும், ஏன், நம் சங்கத்துத் தலைவராகவே இருந்தாலும், அவன் பூட்டுவது நம் வாயைத்தான்! செலவு என்று சாக்குச் சொன்னால், கையெழுத்துச் சுவரொட்டியைக் காட்டுங்கள். நேரமில்லை என்று சொன்னால், விடிய விடியச் சீட்டு எண்ணிய பிள்ளைகளைக் காட்டுங்கள். வேட்பாளரை மேடை ஏற்றுங்கள். கேள்வி கேளுங்கள். பதில் சொன்னவனுக்குப் போடுங்கள்.

நான்காண்டு பூட்டிய பெட்டியைப் பிள்ளைகள் திறந்தார்கள். ஆறாண்டு பூட்டிய பெட்டியைத் திறக்கப் பெரியவர்களால் ஆகாதா?