ஸ்டியரிங் தண்டும் அதன் இணைப்புகளும்

பெங்களூர் அல்சூரில் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியொன்றைக் காண நேர்ந்தது. ஸ்டியரிங்கில் 'பிளே' மிகுந்துவிட்டதென்றும், ரப்பர் இணைப்பை நீக்கி முழு இரும்பு இணைப்பைப் பொருத்த வேண்டுமென்றும் உரிமையாளர் கேட்டிருந்தார். வேண்டுகோள் எளியது, ஆனால் அதில் அடங்கியுள்ள பொறியியல் எளியதன்று.

ஹெரால்டு வண்டி 1961 முதல் 1971 வரை சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தாரால் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் பந்தயப் பாணி வண்டியும் ஹெரால்டின் வழியில் தோன்றியதே. ஆதலின் ஒன்றைப் பற்றிக் கூறுவது பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும்.

ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பியதும் தண்டு சுழல்கிறது, அதன் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் பற்சட்டத்தை இடமோ வலமோ நகர்த்துகிறது, முன்சக்கரங்கள் திரும்புகின்றன. தண்டுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே அமைந்ததே ரப்பர் இணைப்பு. சாலையின் அதிர்வைக் கைக்கு எட்டாமல் தணிப்பதோடு, இரு தண்டுகளும் நேர்கோட்டினின்று சிறிது விலகியிருப்பின் அதனையும் அது பொறுத்துக் கொள்ளும். இரும்பு இணைப்போ பொறுக்காது. விலகலின் சுமை பற்சக்கரத் தாங்கியின் மேல் விழுந்து, திருப்பம் இறுகும். ஹாரனுக்குரிய மின்சாரம் ரப்பரைக் கடக்க இயலாதாகையால் அதற்கெனச் சிறு கம்பியொன்று உண்டு. அக்கம்பியை மறந்து, ஹாரன் கெட்டதென்று தேடுவோர் பலர்!

வேறு எஞ்சினைப் பொருத்தும்போது தண்டை வளைத்துச் செலுத்த வேண்டி வரும். அப்போது பயன்படுவது, 17-ஆம் நூற்றாண்டின் அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயரால் வழங்கும் இணைப்பு. தொழிலாளர் வழக்கில் 'யுனிவர்சல் ஜாயின்ட்'. இதற்கு ஒரு குறையுண்டு. தண்டுகள் கோணத்தில் நிற்குங்கால், முதல் தண்டு சீராகச் சுழன்றாலும் இரண்டாவது சீராகச் சுழலாது. கோணம் 30 பாகையாயின், அதன் வேகம் முதல் தண்டின் வேகத்தில் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஒரு சுற்றில் இருமுறை ஏறி இறங்கும். சக்கரம் ஓரிடத்தில் இலகுவாகவும் மற்றோரிடத்தில் கனமாகவும் தோன்றும். இரண்டு இணைப்புகளை அமைத்து, கோணங்களைச் சமமாக்கி, மூன்று தண்டுகளும் ஒரே தளத்தில் நிற்க, நடுத்தண்டின் இருமுனைக் கவைகளையும் அத்தளத்துக்கு ஒத்தவாறு ஒரே திசையில் நிறுத்தினால் ஒன்றன் குறையை மற்றொன்று நீக்கிவிடும். கவை கால்சுற்று பிசகிப் பொருத்தப்பட்டால் குறை இரட்டிக்கும். மூன்று இணைப்புகள் தேவைப்படின் இடைத்தண்டுக்குத் தாங்கி வைத்தே ஆக வேண்டும். இல்லையேல் அது ஊசலாடும்.

ஆசிரியர்கள் ஒரு கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டலாம். 40 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தை இரு கைகளும் தலா 10 கிலோ விசையுடன் எதிரெதிராகத் திருப்பினால், 20 மி.மீ. தண்டின் மேற்பரப்பில் விளையும் விசை 400 கிலோ. இதனைத் தாங்குவது நீள்வரிப் பற்களும் அவற்றை இறுக்கும் ஒரு திருகாணியுமே. கடினமாக்கப்பட்ட தண்டைப் பற்றவைத்தால் ஒட்டின் அருகே உலோகம் நொறுங்கும் தன்மை பெற்று, நாளடைவில் வெடிப்புக் காணும். தண்டு முறிந்தால் பிரேக்கைத் தவிர ஓட்டுநரிடம் வேறொன்றும் எஞ்சாது.

இதனினும் கொடியது மற்றொரு பிழை. ஹெரால்டின் தண்டு ஒன்றனுள் ஒன்று புகும் இரு பகுதிகளாலானது; மோதலின்போது பிடிப்பு வழுவி உட்செல்லும். அப்பிடிப்பு தளர்ந்ததெனக் கருதி அதனைப் பற்றவைத்து விடுவோர், ஓட்டுநரின் மார்புக்கு நேரே ஓர் ஈட்டியை நாட்டுகின்றனர் என்றே கூற வேண்டும்.

அல்சூர் வண்டியை உயர்த்திச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தபோது தண்டில் ஆட்டமில்லை. அதன் இணைப்பிலும் இல்லை. பற்சட்டத்தை அடிச்சட்டத்துடன் பிணைத்திருந்த ரப்பர் அணைகள் எண்ணெயில் ஊறிக் கூழாகியிருந்தன. அவற்றை மாற்றியதும் 'பிளே' நீங்கிற்று. பழைய இணைப்பு அதன் இடத்திலேயே இருக்கின்றது.