நேரலைக் காட்சிகள்: காண்போர் அறிய வேண்டியவை

நெசவாளர் சங்கம் ஒன்றின் அங்கத்தினர்களுக்காகச் சாயமிடும் முறை பற்றிய பாடமொன்று கைபேசி வழியே நேரலையாக நடத்தப்பெற்றது. அவ்வேளையில் ஓர் அங்கத்தினர் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். பாதியில் விட்டெழக்கூடிய வேலையன்று அது. மாலையில் அவர் கைபேசியைத் திறந்தபோது பாடத்தின் சுவடே இல்லை. பதிவு எதுவும் வைக்கப்படவில்லை. சாயம் ஏறுவதற்கு இட வேண்டிய உப்பின் அளவை அவர் குத்துமதிப்பாகக் கொண்டார். நூல் திட்டுத் திட்டாயிற்று. நட்டம் சிறிதாயினும், அது தவிர்த்திருக்கக்கூடிய நட்டம்.

தறியிலோ வயலிலோ இருப்பவர் குறித்த மணிக்குத் திரைமுன் அமர இயலாது. ஆகவே எந்த மேடையில் காட்சி நடைபெறுகிறது என்பதைக் காண்போரும் கவனித்தல் வேண்டும். மூன்று கேள்விகள் போதும்: கணக்குத் தொடங்காமல் காண இயலுமா? தவறவிட்டதைப் பின்னர்க் காண இயலுமா? செலவு எவ்வளவு?

யூடியூப் மேடையில் பொதுக் காட்சிகளைக் கணக்கு இல்லாமலே காணலாம். ஒளிபரப்புவோர் அனுமதித்திருப்பின், நடந்துகொண்டிருக்கும்போதே பின்னோக்கித் தள்ளி விட்ட பகுதியைப் பார்க்கலாம். 12 மணி நேரத்திற்கு உட்பட்ட நேரலைகள் தாமாகவே பதிவாகின்றன. உரியவர் நீக்கினாலன்றி அவை நிலைத்திருக்கும். குறைகளும் உண்டு. விளம்பரங்கள் இடைமறிக்கும். காட்சி சில நொடிகள் பிந்தி வருவதால், நாம் எழுப்பும் கேள்விக்கு விடையும் பிந்தியே வரும். கேள்வி எழுதக் கணக்கு வேண்டும்.

ஃபேஸ்புக்கில் உற்றார், அயலார், சங்கத்தார் பலரும் முன்னரே கூடியிருப்பது பெரிய வசதி. அறிமுகமானவர்களோடு கலந்து பேசிக்கொண்டே பார்க்கலாம். ஆயினும், கணக்கில்லாதவர்க்கு அங்கே காண்பது எளிதன்று. மேலும், 2025 பிப்ரவரி 19 முதல் அங்கு நடைபெறும் நேரலைகளின் பதிவு 30 நாட்களே வைக்கப்பெறும்; பின்னர் நீக்கப்பெறும். இதனை அறியாதவர், அறுவடை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் ஏமாற்றமே அடைவர்.

இன்ஸ்டகிராம் நேரலையில் சேலைகளை விரித்துக் காட்டி விற்போர் பலர். புதிய வடிவங்களையும் சந்தையின் விருப்பத்தையும் அறிய அது நன்கு உதவும். எனினும், ஒளிபரப்பியவர் பதிவைப் பகிர்ந்தாலன்றிப் பின்னர்க் காண இயலாது. திரையில் தெரியும் நிறம் நூலின் நிறமாகாது என்பதையும் மறத்தலாகாது. துணியைக் காணாமலும் ரசீது பெறாமலும் முன்பணம் அனுப்புவது முறையன்று.

2011-இல் தொடங்கிய ட்விட்ச் பெரும்பாலும் விளையாட்டுக் காட்சிகளுக்குரியது. நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். காண்போர் உரையாடல் அங்கு விறுவிறுப்பானது. ஆனால் சாதாரண ஒளிபரப்பாளர்களின் முழுப் பதிவு 7 நாட்களே நிற்கும். தொழிற் பாடத்திற்கு அது ஏற்றதன்று.

இனிச் செலவு. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் வரும் காட்சி, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 900 மெகாபைட் தரவைக் கொள்ளும். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் பெறுபவருக்கு அது பாதிக்கு மேல். பேச்சு மட்டும் விளங்கினால் போதும் என்ற இடத்தில் காட்சியின் தரத்தைக் குறைத்துக்கொள்வது சிக்கனம். செய்முறை விளக்கத்திற்கு மட்டும் உயர்த்திக்கொள்ளலாம்.

ஆகவே, அங்கத்தினர்களுக்கான பாடங்களை யூடியூப் போன்று கணக்கின்றிக் காணத்தக்கதும் பதிவு நிலைப்பதுமான மேடையில் நடத்துமாறு ஒவ்வொருவரும் தத்தம் நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்ளலாம். வேறு மேடையில் நடந்தால், பதிவைத் தரவிறக்கிச் சங்க அலுவலகத்தில் வைக்கச் செய்தல் வேண்டும். பாடத்தில் கூறப்பெற்ற அளவுகளை ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது இன்னும் நன்று. கைபேசி இல்லாத அங்கத்தினரும் நம் சங்கத்தில் உள்ளனர். வந்தவருக்குக் கிட்டிய பயன் வர இயலாதவருக்கும் கிட்டுமாறு செய்வதே கூட்டுறவு.