பிடிவாதக் கிளிப்பும் ரேடியேட்டர்க் குழாயும்



காரின் இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர், ரேடியேட்டருக்கும் இயந்திரத்துக்கும் இடையே இரண்டு தடித்த ரப்பர்க் குழாய்களின் வழியாக ஓடுகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. அவற்றின் முனைகளை இறுக்கிப் பிடித்திருப்பவைதாம் கிளிப்புகள். குழாய் வெடித்து ஒழுகினால் புதியது வாங்கி வீட்டிலேயே மாட்டிவிடலாம். பழைய குழாயைக் கழற்றும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். பல ஆண்டுகள் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த கிளிப்பு அசைய மறுக்கிறது; நமக்கு ஆத்திரம் வருகிறது. ஆத்திரத்தோடு முறுக்கினால் ரேடியேட்டரின் கழுத்து முறிந்துவிடும். கிளிப்பு சில வெள்ளியோடு போகும். கழுத்து முறிந்தால் ரேடியேட்டரையே மாற்ற நேரிடும். தோட்டத்துச் சம்பளத்தில் அது சிறிய தொகையா?

இயந்திரம் ஆறும் வரை எதையும் தொடாதீர்கள். சாதாரணமாகத் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. பல கார்களின் ரேடியேட்டர் மூடியில் 0.9 என்ற எண் பொறித்திருக்கும். மூடி தாங்கும் அழுத்தத்தின் அளவு அது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 118 பாகையில்தான் கொதிக்கும். ஆகவே 110 பாகைச் சூட்டிலும் உள்ளே அது அடங்கியே இருக்கும். மூடியைத் திறந்தாலோ கிளிப்பைத் தளர்த்தினாலோ அழுத்தம் போய்விடும். அந்த நொடியே கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஆவி அடங்காத பிரஷர் குக்கரைத் திறக்க நம் வீட்டுப் பெண்கள் துணிவார்களா? காருக்கும் அதே விதிதான். இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பிறகு மேல் குழாயைக் கையால் அழுத்திப் பாருங்கள். சூடில்லாமல் மெத்தென்று அமுங்கினால், மூடியின்மேல் துணியைப் போட்டு மெல்லத் திறக்கலாம்.

கீழே ஒரு பேசினை வைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் அதில் கூலண்ட் கலந்திருக்கிறது. பெரும்பாலான கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் உண்டு. அது இனிப்பாக இருப்பதால் குழந்தையும் நாயும் நாடிப் போகும்; சிறிதளவே போதும், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். யாராவது குடித்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வடித்ததை மூடியுள்ள டின்னில் ஊற்றி உயரத்தில் வையுங்கள். லயத்துச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

இனிக் கிளிப்புக்கு வருவோம். திருகாணி வைத்த பட்டைக் கிளிப்பில், துருப்பிடித்த வெட்டில் ஸ்குருடிரைவரை வைத்து மல்லுக்கட்டுவதுதான் வழக்கமான தவறு. நுனி வழுக்கி வெட்டு தேய்ந்துபோகும். சில வேளை கையையும் கிழிக்கும். திருகாணியின் தலையைச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அது அறுகோணமாக இருக்கும். 7 அல்லது 8 மில்லிமீட்டர் சாக்கெட் ஸ்பேனர் அதில் கச்சிதமாக உட்காரும். முதலில் இறுக்கும் பக்கமாக இம்மியளவு திருப்புங்கள். துருவின் பிடி விடும். பிறகு தளர்த்துங்கள். அப்போதும் அசையாவிட்டால் திருகாணியின் மரையில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் பொறுத்திருங்கள். குழாயை மாற்றப் போவதில்லை என்றால் எண்ணெய் ரப்பரில் படக்கூடாது. மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் ஊறி உப்புவதைத் தோட்டத்தில் பார்க்காதவர் உண்டா? இந்தக் குழாய்கள் பெரும்பாலும் நாம் வெட்டும் பாலில் செய்தவை அல்ல. சூட்டைத் தாங்கும் செயற்கை ரப்பரில் செய்தவை. ஆனாலும் எண்ணெய் விஷயத்தில் இரண்டும் ஒன்றே.

இன்னொரு வகை, இரண்டு காதுகள் கொண்ட சுருள்வில் கிளிப்பு. இதில் திருகாணியே இல்லை. காதுகளை ஒன்றோடொன்று நெருக்கினால் வளையம் விரியும். சாதாரணப் பிளையர் வழுக்கினால், வாய் அகலும் வாட்டர் பம்ப் பிளையரை எடுங்கள். காதுகள் எட்டாத மூலையில் இருந்தால் கிளிப்பைக் குழாயின்மேல் சற்றுச் சுழற்றி வாட்டமான பக்கம் கொண்டுவரலாம். தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். இந்தக் கிளிப்பை மலிவுச் சரக்கென்று பலர் தூக்கி எறிகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளாக நாளாக ரப்பர் அமுங்கி மெலியும்போது திருகாணிக் கிளிப்பு தளர்ந்துபோகும். வில் தானாகவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

எந்தக் கிளிப்பும் அசையவே இல்லையென்றால் வெட்டி எடுப்பதே மேல். கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய தகரத் துண்டைச் செருகிவிட்டு இரும்பறுக்கும் வாளால் நிதானமாக அறுங்கள்.

கிளிப்பு வந்துவிட்டது; குழாய் வரவில்லை. இங்கேதான் கழுத்து முறிகிறது. எங்கள் தோட்டத்து இளைஞர் ஒருவர் காலை பம்பரில் ஊன்றிக் குழாயை இழுத்தார். குழாயோடு கழுத்தும் கையில் வந்தது. பழைய ரேடியேட்டர்களில் கழுத்து பித்தளை; வளைந்தாலும் ஈயம் வைத்துச் சரிசெய்யலாம். பின்னால் வந்தவற்றில் தொட்டியும் கழுத்தும் பிளாஸ்டிக். சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக் ஓடுபோல் நொறுங்கும். மங்கில் காய்ந்து ஒட்டிய கட்டிப்பாலை எப்படி எடுப்போம்? ஓரத்தை விரலால் கிளப்பி, ஒரு சுற்றுச் சுற்றினால் கழன்று வரும். குழாய்க்கும் அதுவே வழி. மழுங்கிய மூங்கில் குச்சியை ஓரத்தில் செருகிச் சவர்க்காரத் தண்ணீர் விடுங்கள். பிறகு இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகுங்கள். தூக்கிப்போடும் குழாயாக இருந்தால் இதுகூட வேண்டாம். கத்தியால் நீளவாக்கில் கீறிப் பட்டைபோல் உரித்துவிடலாம். மரத்தில் காயம் படாமல் பால் வெட்டத் தெரிந்த கைக்குக் கழுத்தில் கீறல் படாமல் வெட்டுவது பெரிய காரியமா?

புதுக் குழாயைச் செருகும் முன் கழுத்தைத் துடைத்து, கிளிப்பைக் குழாயில் கோத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் நுனியில் சற்றுப் புடைத்த விளிம்பு இருக்கும்; கிளிப்பு அதைத் தாண்டி உட்புறம் உட்கார வேண்டும். பட்டையின் துளைகளில் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். கூலண்டும் சுத்தமான தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். ஆற்றுத் தண்ணீர் உள்ளே உப்புப் படியச் செய்யும். இயந்திரத்தை ஓடவிட்டு ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை, வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது, தண்ணீர் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டுத் திருகாணியை இன்னும் அரைச்சுற்று இறுக்க இடமிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.